தாரை வார்த்த திடல்

சென்னை
8-2-1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதிவு செய்யாத தானம் செல்லாது என்பது, சட்டம் படித்துச் சட்டசபையிலும் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? எழும்பூரில் ரயில் ஏறும்போது, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பத்திரமா? திடலுக்கு ஏதும்மா பத்திரம்? அப்பா தண்ணி ஊத்தினார், ஜனங்க கை தட்டினாங்க, அவ்வளவுதான்" என்று சிரித்தீர்கள். வண்டி நகர்ந்துவிட்டது. நான் ஆட்டிய கையை இறக்காமல் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. ஒரு போர்ட்டர் வந்து, "யாரையாவது தேடுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

நான் கேட்டது ஓர் அடிக்குறிப்புக்காக. அப்பாவைப் பற்றிய புத்தகத்தின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 1931 தை மாதம் ஓடக்குடிக் கூட்டத்தில் அப்பா திடலை, அதில் குடிசை போட்டிருந்த பண்ணையாட்களுக்கே தானம் செய்தார் என்று எழுதியிருக்கிறேன். பத்திர எண் இருந்தால் கீழே போடலாம் என்றுதான்.

அந்த மேடையில் பித்தளைச் செம்பை ஏந்தி நின்றது நான். எனக்கு ஏழு வயது. திடலில் இருக்கும் வீரையனின் தகப்பனார் கையை நீட்ட, அப்பா நீர் வார்த்தார். "இந்தத் திடல் இன்றுமுதல் உங்களுடையது. இந்த ஊரில் இனிப் பண்ணையாள் என்று ஒருவரும் இல்லை" என்றார். செம்பையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். ஏனென்று புரியாமல் நானும் அழுதேன்.

அப்பாவின் வாழ்க்கையை மகளாக எழுதக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சவுக்கடியை எதிர்த்துப் புத்தகம் போட்டவரின் களத்தில் சவுக்கு எந்த வருடம் வரை தொங்கியது என்று விசாரித்தேன். விதவை மறுமணத்துக்காக மேடை மேடையாகப் பேசியவர், நம் சித்தியைக் கடைசி வரை வெள்ளைப் புடவையில் வைத்திருந்ததை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் சந்தேகித்தேன், இந்த ஒன்றைத் தவிர. இதைத்தான் கண்ணால் பார்த்திருந்தேனே.

பிறகாவது ஏதேனும் எழுதி வைத்தாரா? தெரிந்ததைச் சொல்லுங்கள். அண்ணிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
மங்களம்


ஓடக்குடி
15-2-1972

அன்புத் தங்கை மங்களத்துக்கு அண்ணன் பஞ்சநதம் ஆசியுடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் தைலத்தை நீலாம்பாள் தேய்த்துக்கொள்கிறாள், வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. சம்பா அறுப்பு ஒருவழியாக முடிந்தது. புகையான் பூச்சி விழுந்து கண்டுமுதல் பாதிகூட இல்லை. வெண்மணிக்குப் பிறகு களத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவர்கள் கொடியோடு வருகிறார்கள், நாங்கள் போலீசை வைத்துக்கொண்டு நெல் அளக்கிறோம். இதெல்லாம் உங்கள் பட்டணத்துப் பத்திரிகையில் வராது.

ரயிலடியில் வேடிக்கையாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டாயே. படித்தவர்களிடம் சிரிக்கவும் பயமாக இருக்கிறது. அப்பா எழுதி ஒன்றும் வைக்கவில்லை. "எழுதிக் கொடுத்தால் கள்ளுக்கடையில் அடகு வைத்துவிடுவார்கள், நம்மிடம் இருந்தால் அவர்களுக்கு இருக்கும்" என்பார். மனசில் கொடுத்தாயிற்று, காகிதத்தில் கொடுக்கவில்லை. அதில் என்ன குறைந்து போயிற்று? இத்தனை வருடத்தில் யாரையாவது எழுந்திரு என்று சொன்னோமா?

நீ முன்பே எழுதி அனுப்பியது நன்றாக இருக்கிறது. தானம் பற்றிய அத்தியாயத்தைப் பொங்கலன்று கணக்குப்பிள்ளை முருகையனை விட்டுத் திடலில் வாசிக்கச் சொன்னேன். வீரையன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதில் ஒரு எழுத்தையும் மாற்றாதே. சித்திரையில் அப்பாவின் சிலையைத் திறக்க அமைச்சர் வருகிறார். அப்பா அந்தக் காலத்து நீதிக்கட்சிக்காரர் என்பதால் கழகத்தாருக்கு ஏக சந்தோஷம். சிலையைத் திடலில்தான் வைக்கிறோம், ஒரு மண்டபமும் எழுப்பலாம். வீரையன் வகையறாவுக்கு வாய்க்கால் படுகையில் இடம் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒரு கூத்தைக் கேள். நிலக்காரர் இடத்தில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்த மனையையே சொந்தமாக்கும் சட்டம் வந்திருக்கிறதல்லவா? அதற்குப் பெயர் எழுத ரெவின்யூ இன்ஸ்பெக்டர் திடலுக்கு வந்தார். வீரையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாங்க யாரு எடத்துலயும் குடியிருக்கலைங்க. இது எங்க சொந்த மண்ணு. பெரியய்யா குடுத்தது" என்றான். அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பங்குனி ஒன்பதாம் தேதி குடவாசலில் தாசில்தாரிடம் கடைசி விசாரணை. அதோடு பட்டியலை மூடிவிடுவார்கள்.

நீலாம்பாள் வடகம் கொடுத்தனுப்புகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
பஞ்சநதம்


சென்னை
21-2-1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கல்லூரியில் வைத்துப் படித்தேன். அடுத்தது நிலவரி முறை பற்றிய வகுப்பு. கரும்பலகையில் தேதியை எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மாணவிகள் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தத் தம்ளரையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

நான் சரியாகத்தான் படித்தேனா என்று சொல்லுங்கள். பத்திரம் இல்லாததால் அவர்கள் சொந்தக்காரர்கள் அல்ல. பெயர் கொடுக்காததால் குடியிருப்பவர்களும் அல்ல. பட்டியல் மூடிய பிறகு அவர்கள் நம் திடலில் சும்மா இருப்பவர்கள். நீங்கள் எழுந்திரு என்றால் எழுந்துதான் போகவேண்டும். பக்கத்து ஊர்களில் பண்ணையார்களின் வார்த்தையை ஒருபோதும் நம்பாத ஆட்களுக்கெல்லாம் மனை கிடைக்கிறது. ஓடக்குடியில் அப்பாவை நம்பியவர்களுக்குக் கிடைக்காது. அந்த இடத்தில் அப்பாவின் சிலை நிற்கும்.

இதை நீங்கள் கூத்து என்று எழுதியிருக்கிறீர்கள், வடகத்துக்கு முந்தைய பத்தியில்.

என் அத்தியாயத்தை அவர்களிடம் வாசித்திருக்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டுத்தானே இன்ஸ்பெக்டரைத் திருப்பி அனுப்பினார்கள்?

இப்போதாவது ஒரு பத்திரம் எழுதுங்கள் அண்ணா. அப்பா வார்த்த நீருக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பா காலமானபோது இருந்த சட்டப்படி மகளுக்குப் பங்கில்லை. இருந்திருந்தால் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

மங்களம்


ஓடக்குடி
1-3-1972

தங்கை மங்களத்துக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்துவிட்டார்கள். வயலை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும், கூலியைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும், மிச்சம் இருக்கிற மேட்டு மண்ணை என் தங்கை எழுதிக் கொடுக்கச் சொல்கிறாள். எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் அம்மா.

அப்பாவைப் பற்றிக் கேட்டாய். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்போதிருந்த கணக்குப்பிள்ளையிடம், "திடல் பட்டாவில் கை வைக்காதே" என்றார். நான் என் காதால் கேட்டேன். எனக்கு அப்போது பதினாலு வயசு. எழுத வேண்டாம் என்று இருந்தேன், நீ எழுத வைத்தாய்.

விசாரணைக்கு நீ வருவாயோ என்று நீலாம்பாள் பயப்படுகிறாள். வந்து என்ன சொல்வாய்? அப்பா கொடுத்தார் என்று சொன்னால் அது செல்லாது, அவர்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடைக்காது. கொடுக்கவில்லை, இவர்கள் நம் இடத்தில் குடியிருப்பவர்கள் என்று சொன்னால் கிடைக்கும். ஆனால் சபை நடுவில், அந்த ஜனங்கள் முன்னால், அம்பலவாணரின் மகள் எழுந்து நின்று அப்பா கொடுக்கவே இல்லை என்று சொல்லவேண்டும். உன்னால் முடியாது. எனக்கு உன்னைத் தெரியும்.

ஊருக்கு வந்தால் நேரே வீட்டுக்கு வா. உன் அறையை நீலாம்பாள் பெருக்கி வைத்திருக்கிறாள்.

பஞ்சநதம்


குடவாசல்
21-3-1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்துவிட்டேன். வீட்டுக்கு வரவில்லை. என்னோடு கல்லூரியில் படித்த நூர்ஜஹான் இங்கே தலைமை ஆசிரியையாக இருக்கிறாள், அவள் வீட்டில் தங்கியிருக்கிறேன். அண்ணி அறையைப் பெருக்கி வைத்தது மனதை உறுத்துகிறது. அதை அவரிடம் சொல்லுங்கள்.

இன்று மத்தியானம் திடலுக்குப் போனேன். வீரையன் என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சின்னம்மா, பெரியய்யா செலையப் பாக்கவா வந்தீங்க? இன்னும் வரலியே" என்றார். உட்கார ஒரு மரப்பெட்டியைத் தட்டிப் போட்டார். அந்தச் செம்பு உள்ளே மாடத்தில் இருந்தது. புளி போட்டுத் துலக்கியிருந்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அதற்குப் பொட்டு வைப்பார்களாம்.

நாளைக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"சங்கத்துக்காரரும் இதத்தான் சொன்னாரு. குடியிருக்கேன்னு நான் கைநாட்டு வச்சா, பெரியய்யா குடுத்தது பொய்யின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடாதா? மத்த ஊருல எல்லாம் ஆண்டை கால்ல விழுந்து கெடந்தான். நாங்க சொந்த மண்ணுல நின்னோம்."

அவர் மனைவி தங்கமணி நெல் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "நின்னியே, கூரை ஒழுகுறப்பயும் சொந்தக் கூரைன்னு நின்ன. மண்ணு சொந்தம்னா ரசீது எங்கய்யா? எம் மாமியாகிட்ட கேட்டேன், செம்பக் காட்டுனா. ஒங்கிட்ட கேட்டேன், செம்பக் காட்டுன. தாசில்தாருகிட்டயும் போயி அதையே காட்டு."

"காட்டத்தான் போறேன்" என்றார் வீரையன்.

"இந்தம்மாவையே கேளு. கிட்ட நின்னவங்கதான?" என்றாள் அவள்.

வீரையன் என்னைக் கேட்கவில்லை. "புஸ்தகத்துலயே போட்டிருக்காங்க, அவங்கள போயி என்னத்தக் கேக்குறது" என்றார். முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது தங்கமணிதான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

பட்டாவில் கை வைக்காதே என்று அப்பா சொன்னதாக எழுதினீர்கள். அது உண்மையா, என்னைத் தடுக்க எழுதியதா? வழி முழுக்க யோசித்தேன். கொடுக்கிறோம் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டு நீரை வார்த்துவிட்டு, வீட்டுப்படி ஏறியதும் பயந்துபோன ஒரு மனிதரைக்கூட என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. எது என்று தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. தெரிவதற்காகத் தாசில்தார் காத்திருக்கப்போவதில்லை.

அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன். அந்த அத்தியாயத்தை நீக்கவில்லை. அதன் பிறகு ஒரு பக்கம் சேர்க்க இடம் விட்டிருக்கிறார்கள்.

மங்களம்


22-3-1972

மேலே உள்ளதை நேற்றுத் தபாலில் சேர்க்கவில்லை. விசாரணைக்கு நீங்கள் வராமல் முருகையனை அனுப்பியிருந்தீர்கள். அவர் சொல்லியிருப்பார். ஆனாலும் நடந்ததை நானும் எழுதுகிறேன்.

திடல்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வீரையனின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் துணியில் சுற்றிய செம்பை எடுத்துத் தாசில்தாரின் மேஜைமேல் வைத்தார். "பத்திரம் எங்கய்யா?" என்று தாசில்தார் கேட்டார். "இதாங்க" என்றார் வீரையன். பின்னால் முருகையன் சிரித்தார். தாசில்தார் சிரிக்கவில்லை.

நான் எழுந்தேன். பெயரையும் அப்பாவின் பெயரையும் சொன்னேன். "1931இல் நடந்த கூட்டத்தில் நான் இருந்தேன். நீர் வார்த்தார்கள். திடலை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்ததாக நான் எழுதியது தவறு. அந்த இடம் இன்றுவரை எங்கள் பண்ணையின் பட்டாவில் இருக்கிறது. இவர்கள் அதில் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள்" என்றேன். குரல் வகுப்பில் பேசுவதுபோலவே இருந்தது. அதுதான் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

வீரையன் என் பக்கம் திரும்பவில்லை. மேஜைமேல் இருந்த செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியய்யாவா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டதற்கு எழுந்திருக்கவில்லை.

பட்டியலை மூடலாமா என்று குமாஸ்தா தாசில்தாரைப் பார்த்தார். அப்போது தங்கமணி முன்னால் வந்தாள்.

"நான் வச்சா செல்லுங்களா?"

"நீயும் அங்கதான இருக்க? செல்லும்" என்றார் தாசில்தார்.

அவள் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தாள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக வந்தார்கள். முருகையன் ஏதோ ஆட்சேபம் சொன்னார். தாசில்தார் அதை எழுதிக்கொண்டு, மனுக்களையும் வாங்கிக்கொண்டார். மனை உத்தரவு வர மாதக்கணக்காகும் என்றார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். செம்பு மேஜைமேலேயே இருந்தது. தலையாரி அதை எடுத்துக்கொண்டு வந்து, "இது யாருது?" என்று கேட்டார். வீரையன் காதில் விழாததுபோல நடந்தார். நானும் கையை நீட்டவில்லை. தங்கமணி வாங்கிக்கொண்டாள். மரத்தடியில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு, செம்பை என் கையில் கொடுத்து, மைபட்ட கையை நீட்டினாள்.

"ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன். அவள் விரலை மண்ணில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். செம்பு காலியானது. மை போகவில்லை.