சோயா என்ற ஃபோல்டர்

மேற்கு தாம்பரம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு சபீஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும், உங்கள் அறையில் உள்ள எல்லோருக்கும் அல்லாஹ்வின் காவல் இருக்கட்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சோயாவின் பெயரை எடுத்தாலே சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். உஸ்மான் அண்ணன் லீவு முடிந்து நாளை மறுநாள் மஸ்கட் திரும்புகிறார். எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவர் பையில் வைத்து அனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது இல்லையா?

முடிச்சூர் ரோட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். நம் வாசல்வரை வந்து நின்றுவிட்டது, உள்ளே வரவில்லை. நான் மறுபடியும் பல்லாவரம் தோல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். கையுறைகளில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கும் அதே வேலைதான். தம்பி பர்வேஸ் திட்டுகிறான். எதற்கு அலைகிறாய், எங்கள் வீட்டில் வந்து இரு என்கிறான். இந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பயப்படாமல் படியுங்கள்.

போன தடவை வந்திருந்தபோது, நான் எடுக்கும் படமெல்லாம் தானாகவே ஒரு ஃபோல்டரில் சேரும்படி கடையில் சொல்லிச் செய்து வைத்தீர்களே, ‘சோயா’ என்று பெயர் போட்டு? என் பழைய போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போன பிறகு, அவளுடைய படங்கள் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். வேலை முடிந்து வந்ததும் டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு, அவள் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அதைப் பார்க்காமல் மக்ரிப் தொழுகைக்குப் போனதில்லை.

ரம்ஜானுக்குப் பிறகு ஒருநாள், பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைக் காணோம். நான்தான் எங்கேயோ தட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்து, தொட்டிலில் கிடக்கும் படம். பிறகு முதல் பல். மச்சான், வரிசையாகப் போனது. குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது என்று வயதுப்படி போனது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டே வருகிற மாதிரி.

அப்போதுகூட நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பட்டாம்பூச்சி இறக்கை கட்டிக்கொண்டு பால்வாடி விழாவில் நிற்கிறாளே, அந்தப் படத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதையும் தொடவில்லை. இரண்டு கையும் டீ டம்ளரில் இருந்தது. கண் முன்னாலேயே அது போய், அடுத்த படம் வந்து நின்றது. திரும்பிப் போய்ப் பார்த்தால் இறக்கைப் படம் இல்லை. “சோயா” என்று கூப்பிட்டுவிட்டேன். வாய்விட்டு.

பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் சத்தம் கேட்டு ஓடி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தலையைத் தடவி, “இன்னாத்துக்கு அழுவுற? கொயந்த தன்னோடத எடுத்துகினு போவுது. வுட்டுடு, அப்பத்தான் அதுக்கு நிம்மதி” என்றார். நம் மார்க்கத்தில் அப்படியெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு நான் கம்ப்யூட்டரிடம் பேச ஆரம்பித்தேன். இன்றைக்கு இதை எடுத்துக்கொள், அந்தச் சைக்கிள் படத்தை மட்டும் அம்மாவுக்கு விட்டுவிடு என்று கெஞ்சினேன். அது போகவில்லை என்றால் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வீட்டில் அவள் இருக்கிறாள் என்பதற்கு வேறு அடையாளம் என்ன இருக்கிறது?

ஆனால் போகப் போகப் பயம் வந்தது. படங்கள் எல்.கே.ஜி.யைத் தாண்டிவிட்டன. இப்படியே போனால் கடைசியில் ஆஸ்பத்திரிப் படம் வரும். கையில் டிரிப்ஸ் ஏற்றியபடி, ‘அத்தாவுக்கு அனுப்பு’ என்று உங்களுக்காகச் சிரித்தாளே, அதுதான் கடைசி. அதுவும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

ஸ்டேஷன் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தேவதர்ஷினியிடம் போனேன். அந்தப் பெண் முதலில் ஒன்றும் விசாரிக்கவில்லை. “அக்கா, காரணம் அப்புறம் பார்க்கலாம். இருக்கிறதை முதல்ல காப்பி எடுத்து வச்சிடலாம்” என்றாள். காசு வாங்காத பேக்கப் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது, நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்று பெயரை எழுதிக் கொடுத்தாள். வெளியில் மாட்டுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். கடையில் இருந்தபடியே அவள் போனில் சொல்லச் சொல்ல, நானே எல்லாவற்றையும் செய்தேன்.

டவுன்லோட் ஆனதைத் திறந்தால் ஒவ்வொரு பக்கமாகக் கேள்வி கேட்டது. நடுவில் வேறு ஏதோ ஒரு சாமானையும் சேர்த்து ஏற்றட்டுமா என்று தானாகவே டிக் போட்டு வைத்திருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னாள். எங்கிருந்து எடுக்க வேண்டும் என்ற இடத்தில் சோயா ஃபோல்டரைக் காட்டினேன். எங்கே வைக்க வேண்டும் என்ற இடத்தில் புது டிஸ்க். தினமும் எத்தனை மணிக்கு என்று கேட்டது. நான் வேலையிலிருந்து வருவதற்கு முன்பே ஓடட்டும் என்று மதியத்தில் வைத்தேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. தேவதர்ஷினி போனிலேயே கத்தினாள். “அக்கா, அந்த டிக்கை மட்டும் வச்சிடாதீங்க! அது இருந்தா, இங்க அழிஞ்சது அங்கயும் அழிஞ்சிடும்.” என் விரல் அதன் மேல்தான் இருந்தது.

முதல் தடவை சிவப்பில் ஏதோ வந்து நின்றுவிட்டது. டிஸ்க்கின் ஒயர் சரியாக மாட்டவில்லை. அழுத்தி மாட்டி மறுபடியும் ஓடவிட்டேன். அந்த டிஸ்க் லேசாக முனகிக்கொண்டே இருந்தது. அது முடிகிறவரை அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூடாக இருந்தது.

மறுநாள் சைக்கிள் படம் ஃபோல்டரில் இல்லை. டிஸ்க்கில் இருந்தது. எடுத்து வெளியே போட்டுத் திறந்தேன். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். போன பிள்ளை திரும்பி வந்த மாதிரி அழுதேன்.

நேற்று தேவதர்ஷினி வீட்டுக்கே வந்து பார்த்தாள். “டிராஷும் காலியா இருக்குக்கா. தானா கெட்டுப்போற ஃபைல் இப்படி வரிசையாப் போகாது. யாரோ ஒண்ணொண்ணா பார்த்துப் பார்த்து எடுக்கிறாங்க. இந்த அக்கவுண்ட் வேற யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டாள்.

யாரிடமும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மச்சான், உங்கள் போனில் அந்த ஃபோல்டர் இன்னும் இருக்கிறதா? கோபமாகக் கேட்கவில்லை. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
சபீஹா

*

மஸ்கட்

என் சபீஹாவுக்கு முஸ்தபா. வ அலைக்குமுஸ்ஸலாம்.

உஸ்மான் கொடுத்த கடிதத்தைப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். நான்கு பேர் இருக்கும் அறையில் அழுவதற்கு அந்த ஒரு இடம்தான் இருக்கிறது.

நான்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இங்கே எடுத்தால் அங்கேயும் போய்விடும் என்று எனக்குத் தெரியாது. என் போனில் இருப்பது மட்டும்தான் அழிகிறது என்று நினைத்தேன்.

ரம்ஜான் முடிந்த சமயம், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏ.சி. யூனிட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், ‘இதே நாளில், சில ஆண்டுகளுக்கு முன்’ என்று போட்டுச் சோயா வந்து நிற்கிறாள். கூடவே ஏதோ பாட்டு வேறு. நான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் டெனிஸ் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் உனக்கு வேறு செய்தி வந்திருக்கும். அதற்குப் பிறகு போன் அதிர்ந்தாலே பயம். எப்போது, எந்த வயதில் வந்து நிற்பாள் என்று தெரியாது. கூப்பிடாமல் வருகிறாள், கூப்பிட்டால் வருவதில்லை.

அதனால்தான் அழிக்க ஆரம்பித்தேன். முதலில் பயத்தில் அழித்தேன். பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு டிக்கெட் கிடைத்து நான் ஏர்போர்ட் போவதற்குள் அங்கே அடக்கம் முடிந்துவிட்டது என்று பர்வேஸ் சொன்னான். காத்திருக்க முடியாதுதான், நான் யாரையும் குறை சொல்லவில்லை. மழை, ரோடெல்லாம் தண்ணீர், எல்லாம் தெரியும். ஆனால் ஊரே மண் போட்டது. பெற்றவன் ஒரு பிடி போடவில்லை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன். முகத்தைப் பார்க்க முடியாத வீட்டுக்கு எதற்குப் போவது?

டூட்டி முடிந்ததும் ஒரு படத்தை எடுப்பேன். கண் வலிக்கிறவரை பார்ப்பேன். துஆ ஓதுவேன். பிறகு அழிப்பேன். தினமும் ஒரு பிடி என்று வைத்துக்கொள். ‘டிராஷ்’, அதாவது குப்பை என்று போட்ட இடத்தில் அவள் முகம் கிடப்பது பொறுக்கவில்லை. அதனால் அதையும் காலி செய்துவிடுவேன்.

நீ அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய் என்று தெரியாது, சபீஹா. உன் கையில் இருந்து பிடுங்கியிருக்கிறேன். இனி அதைத் தொட மாட்டேன். என்னிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல். சிக்னல் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முஸ்தபா

*

மேற்கு தாம்பரம்

அன்பான மச்சானுக்கு, அல்லாஹ் உங்கள் நெஞ்சை லேசாக்கட்டும். டெனிஸின் தம்பி பெரும்பாக்கத்திலிருந்து கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். பிரியாணி கொடுத்துத்தான் அனுப்பினேன். அவர் அண்ணன் இழுத்த சட்டைக்கு அது போதாது.

படித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்க மாட்டேன். தட்டைத் தூக்கி எறிந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. இத்தனை மாதமும் நான் ஒரு படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம், அங்கே நீங்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அவள் போன பிறகு நாம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான், தெரியாமலே.

கங்கையம்மாளிடம் சொன்னேன். “அப்போ பாப்பா இல்லியா?” என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. வீடு காலியாகிவிட்ட மாதிரி. யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை, யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. நேற்று டீயோடு உட்கார்ந்தேன், எந்தப் படமும் அசையவில்லை. அதற்கும் அழுதேன்.

தேவதர்ஷினி உங்கள் போனுக்கும் இந்த ஃபோல்டருக்கும் இருந்த இணைப்பை எடுத்துவிட்டாள். இனி அது உங்களைத் தேடி வராது. மொட்டைமாடியில் தைரியமாக நில்லுங்கள். எல்.கே.ஜி.க்குப் பிந்தியவை எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. இன்னொரு டிஸ்க்கிலும் எடுத்துப் பர்வேஸ் வீட்டில் வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் போனவை போனவைதான். தேவதர்ஷினி எவ்வளவோ தேடிப் பார்த்தாள், வரவில்லை. உறவுக்காரர்களிடம் கேட்டதில் கல்யாணக் கும்பலில் நிற்கிற இரண்டு படம் கிடைத்தது, இரண்டிலும் முகம் திரும்பியிருக்கிறது. பிறந்த அன்று அவள் எப்படி இருந்தாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். போர்த்தியிருந்த துணி ஞாபகம் வருகிறது, முகம் கலங்குகிறது. நான் தினமும் எல்லாவற்றையும் சேர்த்து வேகமாகத் தள்ளிக்கொண்டே போவேன். நீங்கள் ஒவ்வொன்றாகக் கண் வலிக்கப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் படங்களைக் கடைசியாகப் பார்த்தவர் நீங்கள்தான். இப்போது அவை இருப்பது உங்களிடம் மட்டும்தான்.

அதனால் நீங்கள் வர வேண்டும், மச்சான். கம்பெனியில் கேட்டு, கிடைக்கிற முதல் லீவில் வாருங்கள். பெட்டி கட்ட வேண்டாம். சாக்லேட், சென்ட், பொம்மை எதுவும் வேண்டாம். கையை வீசிக்கொண்டு வாருங்கள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்து மெதுவாகச் சொல்லுங்கள். மூடிய கையா, விரித்த கையா, எந்தக் கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது, எல்லாம் சொல்லுங்கள். நான் குறுக்கே பேச மாட்டேன்.

உங்கள் நினைவை அல்லாஹ் பாதுகாக்கட்டும். அதில் எதுவும் குறையாமல் இருக்கட்டும். ஆமீன்.

உங்கள்,
சபீஹா