இடித்தவர்கள் வீட்டுக்காரர்கள்தான்

வெள்ளிக்கிழமை மாலை பாரிசில் லா சப்பல் தெருத் தமிழ்க் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் சுவாமிப் படத்துக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, புகைச்சட்டியோடு மரக்கறிப் பக்கம் வந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். "என்னக்கா, புகை ஒத்துவரேல்லையோ?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். புகையாவது, ஒத்துவராததாவது! குவாத்தமாலாக் காட்டில், நாம் தோண்டிய குழியின் ஓரத்தில், அந்த ஊர் வேலையாட்கள் மண்ணில் கை வைக்குமுன் மரப்பிசின் கொளுத்துவார்களே, அதுவும் இதே வாசனைதான். உன்னை நினைக்கவே கூடாது என்று கிளம்பிய நாளில்தானா இந்த மனுஷன் சாம்பிராணி போடவேண்டும்?

நம் பழக்கமே இந்தத் தெருவில் தொடங்கியதுதான். நான் புதுச்சேரிக்காரி, கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவள். நீ யாழ்ப்பாணத்துக்காரி, மாயா மக்களின் பழைய கட்டடங்களைத் தோண்டி ஆராய்கிறவள். தேநீர்க் கடையில் ஒரே மேசை கிடைத்தது. நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்ட கையோடு, "உடைஞ்ச சட்டி பானையளைக் கீற ஆள் தேடுறன். வாறீரோ?" என்றாய்.

"சட்டி வரையறதுக்கு பாரிசிலேர்ந்து காட்டுக்கா?"

"ஓம். சம்பளம் குறைவு, சாப்பாடும் வாய்க்கு விளங்காது. வாறீரோ?"

இப்படிக் கூப்பிட்டால் எந்தப் பைத்தியக்காரி வருவாள்? நான் வந்தேன்.

காட்டில் கூடாரத்தைப் பகிர்ந்துகொண்ட பிறகுதான் உன் வீட்டுக் கதை தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து கூரை போன வீடு. அந்த ஷெல்லில்தான் உன் அப்பாவும் போனார். மிச்சம் நின்றது முன்சுவர். அதற்குப் பின்னால் தகரக் கொட்டிலில் உன் தம்பி, பெண்சாதி பிள்ளைகளோடு குடியிருந்தான். சுவரை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுகிறேன் என்று அவன் கேட்க, நீ ஒரேயடியாக மறுத்தாய். பாதி உரிமை உன்னுடையது. நீ சம்மதிக்காமல் அவன் ஒரு கல்லைக்கூட அசைக்கமாட்டான். "அது சாட்சி. சாட்சியை இடிக்கிறதே?" என்பாய். கடைசியில் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சே நின்றுபோனது. பிள்ளைகள் வெயிலில் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருந்தார்கள்.

அந்த முறை நாம் தோண்டியது மேடைமேல் இருந்த ஒரு மண்டபம். சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு இடிபட்டிருந்தன. தரை கருகிக் கிடந்தது. எங்கே பார்த்தாலும் உடைந்த பானைகள். பார்த்த மாத்திரத்தில் "அடிச்சு எரிச்சிருக்கிறாங்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். குழுத் தலைவர் நிதானமான பிரெஞ்சுக்காரர். அவசரப்படவேண்டாம், வீட்டுக்காரர்களே இடித்திருக்கலாம் என்றார். உனக்கு வந்ததே கோபம்! அவரிடம் பிரெஞ்சில் பொரிந்தது போதாது என்று என் பக்கம் திரும்பி, "எரிஞ்ச தரையைப் பாத்தால் எனக்குத் தெரியாதே? தங்கட வீட்டை ஆரும் தாங்களே கொளுத்துவினமோ?" என்றாய். நானும் நம்பினேன். இடிந்த வீடென்றால் குண்டு விழுந்திருக்கவேண்டும் என்பதுதான் நம் தலைமுறைக்குத் தெரிந்த கணக்கு.

ஆனால் சட்டிகளை வரைய உட்கார்ந்தபோது எனக்கு இடித்தது. ஓடுகளை ஒட்டவைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பானையும் முழுசாக வந்தது. ஒரு சில்லு குறையவில்லை. யாரும் மிதித்துச் சிதறடிக்கவில்லை. ஈட்டிமுனை ஒன்றும் கிடைக்கவில்லை. இடிபாட்டுக்கு அடியில், கருகிய தரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு மண் சீராகத் தூவப்பட்டிருந்தது. பானைகளை அந்த மண்மேல்தான் உடைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கட்டடமும் உயிருள்ளது என்று தலைவர் விளக்கினார். அதன் காலம் முடிந்தால் தரையில் தீ மூட்டிப் புகை காட்டி, வெள்ளை மண் தூவி, அதன்மேல் பாத்திரங்களை உடைத்து, முறையாக வழியனுப்பித்தான் இடிப்பார்களாம். பிறகு அதன்மேலேயே புதியதை எழுப்புவார்களாம்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் சோள ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாயே தவிர வாயில் போடவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நான் கத்தோலிக்கக் குடும்பம்; உங்கள் சடங்கைப் பக்கத்து வீடுகளில் பார்த்ததுதான். "ஏண்டி, உங்க சாவுல கூட குடத்த தூக்கிட்டுச் சுத்தி வந்து உடைக்கிறாங்களே, அத யாராச்சும் சண்டைன்னு சொல்வாங்களா?" என்று கேட்டுவிட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். நீ ரொட்டியைக் கீழே வைத்தாய்.

"அப்பாக்குக் குடம் உடைக்கேல்லை" என்றாய். "ஷெல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டு வளவுக்கையே குழி வெட்டித் தாட்டுப்போட்டு ஓடினம்."

பிய்த்த துண்டுகளைக் கூட்டிச் சேர்த்தபடி, "அந்தச் சுவரை வைச்சுக்கொண்டு இவ்வளவு காலமும் நான் அப்பான்ரை முடியாத செத்தவீட்டைத்தான் காத்திருக்கிறன் போல" என்றாய். பிறகு அழுதாய். நீ அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. நகக்கண்ணில் மண் போகாத உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தலைவரிடம் போய், தான் சொன்னது பிழை என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டாய். என்னிடம் வந்து, "தம்பி இடிக்கட்டும். நானும் போய் நிண்டு, முறையாச் செய்துபோட்டு இடிப்பம்" என்றாய்.

"அப்போ இப்பவே போன் போடு."

"உமக்கென்ன விசரோ? இது போனிலை சொல்ற கதையே? நேர போய்ச் சொல்லுறன்." பைத்தியமா என்பதை உங்கள் ஊரில் விசரோ என்பீர்கள்.

எங்கே போனாய்? பாரிசுக்குத் திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரி உன்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த முறை, அடுத்த முறை என்று சொல்லிச் சொல்லியே போய்விட்டாய்.

உன் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் தம்பி என்னைப் போனில் கூப்பிட்டான். "அக்கா வேண்டாமெண்ட சுவரை நான் இனித் தொடமாட்டன். அவ என்னோடை கோவத்திலேயே போயிட்டா" என்றான். உன் மனம் மாறியதைச் சொன்னேன். நம்பவில்லை. "அப்ப எனக்கேன் சொல்லேல்லை?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவன்மேல் அல்ல, உன்மேல். "ஏன்னா உங்க அக்கா ஒரு பிடிவாதக்காரி! நேர்ல வந்துதான் சொல்லுவேன்னு நின்னா!" என்று கத்தினேன். பிறகு மண்டபம், வெள்ளை மண், நீ அழுதது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் சின்னப் பிள்ளைபோல விம்மிக்கொண்டு, "அப்ப அக்காக்குக் கோவமில்லையே?" என்று கேட்டான். "சத்தியமா இல்லப்பா" என்றேன்.

இடித்த அன்று வீடியோவில் காட்டினான். சுவருக்கு முன்னால் இரண்டு மண்குடங்கள். "இது அப்பாக்கு. மற்றது அக்காக்கு. அங்கை குடம் உடைக்க உங்களை விடேல்லையாமே" என்றான். உண்மைதான், இங்கே தகனசாலை மண்டபத்தில் விடவில்லை. உனக்கும் குடம் உடைபடவில்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. சென் தெனிப் புறநகரிலிருந்து வரும் ரயிலில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அத்தனை பேருக்கு நடுவில், வெட்கமில்லாமல் அழுதேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டான். "அக்கா, அத்திவாரம் வெட்டேக்கை பழைய சீமெந்துத் தரை வருது. கிண்டி எறியிறதோ, விடுறதோ?"

"விடுப்பா. அதுமேலேயே கட்டு" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. உன்னைக் கேட்க வேண்டியதை என்னைக் கேட்கிறான். நானும் உன்னைப்போல யோசிக்காமல் தீர்ப்புச் சொல்கிறேன். உன் தம்பிக்கு அக்காவாக இருக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பிழையென்றால் கனவிலாவது வந்து "உமக்கென்ன விசரோ" என்று திட்டடி. நீ திட்டி எவ்வளவு காலமாகிறது.