வெள்ளிக்கிழமை வாங்கிய நூல்கண்டு

1979 ஏப்ரல் 27, வெள்ளி

இந்த வருஷத்து முதல் ரூபார்ப். ஆறு புளிப்புத் தண்டு. நான்கை வேகவைத்தேன், இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். முட்டை ஐந்து மிச்சம். சாக்கில் கரி அடுத்த வியாழன் வரை வரும்.

வாரப் பத்திரிகை வந்தது. என் வீட்டுக்காரர் வில்ஃப் கால்பந்துப் பக்கத்தை உருவிக்கொண்டு மிச்சத்தை என்னிடம் தள்ளினார். எங்கள் ஊர்ப் பழைய படங்கள் வரும் 'பழைய ஆல்டர்ஷா' பகுதியில் இந்த வாரம் ஒரு ஊர்வலப் படம். கீழே இப்படி இருக்கிறது: "பெந்தெகொஸ்தே திங்கள் ஊர்வலம், மார்க்கெட் தெரு, 1936. எபனேசர் சேப்பல் என்று நினைக்கிறோம். முகங்கள் அடையாளம் தெரிந்தவர்கள் பெயர் எழுதி அனுப்புங்கள்."

கொடியைப் பின்பக்கமிருந்து எடுத்திருக்கிறார்கள். கம்பும் கயிறும்தான் தெரிகிறது. வெள்ளை உடுப்பில், கொடியின் ரிப்பன்களைப் பிடித்து நடக்கும் பெண்கள். மூன்றாவதாக நடப்பவளின் தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

அந்தச் சாய்வு.

ரூபார்ப் அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 28, சனி

வில்ஃப் வெளியே போனதும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அவளேதான். என் அக்கா ஆக்னஸ்.

கறிக்கடை முன்னால், ஓரத்தில், கறுப்புத் தொப்பி போட்டு ஒரு பெண் நிற்கிறாள். முகம் பாதி நிழலில். அது நான்.

ஏப்ரல் 29, ஞாயிறு

ஆராதனை முடிந்து தேநீர். முப்பத்தொரு கோப்பை கழுவினேன். ஒன்றில் விரிசல்.

மேபல் ஹார்கிரீவ்ஸ் அந்தப் பத்திரிகையைக் கத்தரித்துக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். சேப்பலின் நூற்றைம்பதாவது ஆண்டுக்குச் சிறு வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறாள். அட்டைக்கு இந்தப் படம்தான் என்று முடிவும் செய்துவிட்டாள்.

"நம்ம கொடிடீ இது! எத்தனை வருஷம் தேடுனேன் தெரியுமா? இதோ இவ, மூணாவது, எதெல் ஷார்ப்பிள்ஸ்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெயர், தேதி எல்லாம் என்னிடம் கேட்பதுதான் வழக்கம்.

"ஆமா" என்றேன்.

பேதுருவாவது கணப்பருகே குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது இயேசுவை மறுதலித்தார். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. கையில் ஈரத் துணியோடு நின்றுகொண்டு சொன்னேன்.

மே 1, செவ்வாய்

படுக்கைக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து 1936-க்கான வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்தேன். அம்மா கையால் கோடு போட்டுக் கொடுத்தது. தேதி, பொருள், எதற்கு என்று மூன்று பத்தி. பதினான்கு வயதில் பள்ளியை விட்ட எனக்கு இந்த மாதிரி நோட்டுகள்தான் எழுதும் பழக்கம் தந்தன.

ஜூன் 1, திங்கள்: "ஊர்வலம். கனமழை. கொடி நனைந்தது." அந்த வருஷம் நாங்கள் பாதியிலேயே திரும்பிவிட்டோம். படத்தில் தெரு உலர்ந்து கிடக்கிறது. கறிக்கடை துணிப்பந்தலை விரித்துத் திறந்திருக்கிறது. திங்கள் அரசு விடுமுறை. எந்தக் கடைக்காரன் திறந்திருப்பான்?

இது வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கர்களின் ஊர்வலம். புராட்டஸ்டன்ட் சேப்பல்காரர்களான எங்களுக்குத் திங்கள், அவர்களுக்கு வெள்ளி. எங்கள் காலத்தில் அந்த இரண்டு நாளும் இரண்டு நாடு மாதிரி.

ஜூன் 5, வெள்ளி: "வெள்ளை நூல்கண்டு ஒன்று." எதற்கு என்ற பத்தி காலி. நோட்டு முழுக்க அந்த ஒரு வரியில்தான் காலி.

அப்பாவிடம் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன். நூல் வாங்கவும் செய்தேன். பொய் ஆகிவிடக் கூடாதே. அந்தக் கண்டு தையல் டப்பாவில் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. காகிதம் மட்டும் பழுத்துவிட்டது.

மே 3, வியாழன்

வில்ஃபும் நானும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். வழியில் விக்டோரியா மில்லின் புகைபோக்கி இருந்த இடத்தில் வெறும் வானம். அங்கேதான் ஆக்னஸ் நான்கு தறி பார்த்தாள். டாம் பிரென்னன் பக்கத்துத் தறியைப் பழுது பார்க்க வந்த கத்தோலிக்கன்.

மே 8, செவ்வாய்

இன்று முழுதும் மழை. வெளியே போகவில்லை.

குளிர்காலத்தில் அம்மா அடுப்பில் சூடாக்கிய இரும்புத் தட்டைப் பழைய கம்பளித் துணியில் சுற்றிப் படுக்கைக்குள் வைப்பாள். ஒரே தட்டு, இரண்டு பிள்ளைகள். நடு ராத்திரியில் ஆக்னஸ் அதைக் காலால் என் பக்கம் தள்ளிவிடுவாள். தூங்குவது போல நடிப்பேன். ஒரு தடவைகூடத் திருப்பித் தள்ளியதில்லை.

பெந்தெகொஸ்தே ஞாயிறு காலையில் புது உடுப்பைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் காட்டப் போவோம். பார்த்தவர்கள் புதுப் பையில் ஒரு பென்னி போடுவார்கள். என் கவுனில் பை வைக்க அம்மா மறந்த வருஷம் ஆக்னஸ் தன் பையைப் பிரித்து என் கவுனில் தைத்துக் கொடுத்தாள். வெள்ளை நூலால்.

அவள் டாமைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று அப்பா அவளுடைய நாற்காலியைத் தூக்கிக் கரி அறையில் போட்டார். "இந்த வீட்ல இனிமே அந்தப் பேரு வேணாம்." அடுத்த பெந்தெகொஸ்தேவில் அவள் வெள்ளி ஊர்வலத்தில் நடக்கிறாள் என்று காதில் விழுந்தது. போனேன். என்னைத் தாண்டி இரண்டு கை தூரத்தில் போனாள். என் வாய் திறக்கவில்லை. அவள் நேரே பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த இலையுதிர் காலத்திலேயே சால்ஃபோர்டுக்குக் குடிபோய்விட்டார்கள். அப்பா இறந்தபின், 1951-ல், கடிதம் போட்டேன். இப்போது இங்கே இல்லை என்று திரும்பி வந்தது. அதற்கப்புறம் யாரைக் கேட்பது? கேட்கத் தெரியவில்லையா, இல்லை, கேட்க முகமில்லையா?

மே 12, சனி

மேபல் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். இருநூறு பிரதி.

சாயங்காலம் வில்ஃபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பைப்பை வாயிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"உங்க அக்காவைத் தேடணும்னா ஒரே வழி இருக்கு, புள்ள. ஊரை விட்டுப் போனவங்க எல்லாம் இந்தப் பேப்பரைத் தபால்ல வரவழைச்சுப் படிக்கிறாங்க. கனடாவுல கூட. பேரைச் சரியா எழுதிப் போடு."

"மேபல் என்னைத் தின்னுடுவா."

"தின்னா தின்னட்டும். செரிக்காது அவளுக்கு."

சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன்.

மே 14, திங்கள்

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில்:

"ஏப்ரல் 27 படம் எபனேசர் சேப்பல் ஊர்வலம் அல்ல. 1936 ஜூன் 5, வெள்ளிக்கிழமை நடந்த கத்தோலிக்கர் ஊர்வலம். திங்களன்று மழை, மேலும் படத்தில் கறிக்கடை திறந்திருக்கிறது. ரிப்பன் பிடித்த மூன்றாவது பெண் எதெல் ஷார்ப்பிள்ஸ் அல்ல, ஆக்னஸ் பிரென்னன். விக்டோரியா மில் நெசவாளி."

நான் அவள் தங்கை என்று எழுதவில்லை. ஓரத்தில் நிற்பவள் யார் என்றும் எழுதவில்லை. தகவல் மட்டும்தானே கேட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படித்தான் அன்றைக்கும் நூலை வாங்கினேன்.

மே 18, வெள்ளி

அச்சில் வந்துவிட்டது. கீழே என் பெயர்.

மே 20, ஞாயிறு

மேபல் என் பக்கத்தில் உட்காரவில்லை. சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஆமான்னு சொல்லிட்டு ஊருக்கெல்லாம் இல்லைன்னு எழுதுறியா? இருநூறு பிரதி, ஹில்டா! நம்ம புத்தகத்து அட்டையில போப்பாண்டவர் ஆளுங்க!"

"நான் சொன்னது தப்பு, மேபல்."

"தப்பா? ஐம்பது வருஷமா நீ ஒரு கோப்பைகூடத் தப்பா எண்ணுனதில்ல. உனக்குத் தெரிஞ்சே சொன்ன."

கோப்பை இருபத்தெட்டு கழுவினேன். எண்ணிக்கை இரண்டு முறை தவறியது.

மே 25, வெள்ளி

பத்திரிகையில் ஒன்றுமில்லை.

ஜூன் 1, வெள்ளி

ஒன்றுமில்லை. அவளுக்கு இப்போது அறுபத்தொன்பது. இருந்தால். இதுவரை அந்த 'இருந்தால்' என்ற சொல்லை எழுதியதில்லை.

ஜூன் 4, திங்கள்

ஊர்வலம். விடுமுறையை மே கடைசிக்கு மாற்றிவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வரவில்லை. பதினெட்டுப் பேர். கொடியைத் தூக்க ஆளில்லாமல் உள்ளேயே வைத்துவிட்டோம். மார்க்கெட் தெருவில் ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தான். கறிக்கடை இருந்த இடத்தில் இப்போது டிவி வாடகைக்கு விடுகிறார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது ஓரத்தைப் பார்த்தேன். யாரும் நிற்கவில்லை.

ஜூன் 8, வெள்ளி

பத்திரிகையில் வந்ததை அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

"ஏப்ரல் 27 படத்தில் ரிப்பன் பிடித்திருப்பது நான்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஆல்டர்ஷாக்காரர். அவர்தான் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். பெயர் கொடுத்தவருக்கு நன்றி. ஆனால் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. கறிக்கடை முன்னால் கறுப்புத் தொப்பியுடன் நிற்பவள் என் தங்கை ஹில்டா. அவள் வந்திருந்தாள். தலையைத் திருப்பினால் அழுதுவிடுவேன், கொடி சாய்ந்துவிடும் என்று நேரே பார்த்து நடந்தேன். கையில் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருந்தாள். அதில் என்ன இருந்தது என்று நாற்பத்துமூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
— திருமதி ஆக்னஸ் பிரென்னன், பிளாக்பூல்."

கீழே முகவரி.

பிளாக்பூல். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மில் விடுமுறைக்கு நாங்கள் போகிற பிளாக்பூல். அதே கடற்கரைச் சாலையில் எத்தனை வருஷம் நடந்திருக்கிறேன்!

வில்ஃப் கால்பந்துப் பக்கத்தை உருவவில்லை. பத்திரிகை முழுவதையும் மடித்து என் மடியில் வைத்துவிட்டுக் கெண்டியை அடுப்பில் ஏற்றினார்.

ஜூன் 10, ஞாயிறு

மேபல் சமையலறைக்கு வந்தாள். இருநூறு துண்டுச் சீட்டும் ஒரு பசைப் புட்டியும் கொண்டுவந்திருந்தாள். சீட்டில் "அட்டைப்படம்: நம் ஊரின் வெள்ளிக்கிழமை ஊர்வலம், 1936" என்று அச்சடித்திருந்தது.

"உக்காரு. நூறு உனக்கு, நூறு எனக்கு."

பாதி ஒட்டியபின், தலை நிமிராமல் சொன்னாள்: "ஏண்டி, முன்னாடியே சொல்லக் கூடாதா? நானும்தான் வருஷா வருஷம் மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால நின்னு பாத்தேன். அவங்க பாண்டு நம்மளதைவிட நல்லா இருக்கும். எங்க அம்மாவும் பாத்தாங்க. எல்லாரும் பாத்தோம், ஹில்டா. நீ ஒருத்திதான் தெருவுல இறங்கி நின்ன."

ஜூன் 12, செவ்வாய்

ஒன்பது பத்துக்குப் பிளாக்பூல் பஸ். வில்ஃப் வரவில்லை. "முதல் தடவை நீ மட்டும் போ, புள்ள" என்கிறார். பையில்: ரூபார்ப் ஜாம் இரண்டு புட்டி, கேக் பாதி, மழைக்கோட்டு. காகிதம் பிரிக்காத நூல்கண்டு.

கிளம்புமுன் 1936 நோட்டைத் திறந்தேன். ஜூன் 5. 'எதற்கு' என்ற பத்தியில் எழுதினேன்: ஆக்னஸுக்கு.

மை காயும்வரை காத்திருந்து மூடினேன்.