ஆமென் சொன்ன பிறகு

ஏட்டி,

இன்று மத்தியானம், கூட்டத்துக்குப் போகும் முன், நம்ம ஜெபக்குறிப்பு நோட்டைப் புரட்டினேன். பக்கம் தவறாமல் உன் பேர். பக்கத்தில் 'சுகத்துக்காக, சுகத்துக்காக' என்று என் கையெழுத்து. அப்போது நெஞ்சைப் பிடித்த வெப்ராளம், அந்தப் பதைப்பு, இதை எழுதுகிற இந்த நேரம்வரை அடங்கவில்லை.

புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் பேர் வாசிப்பது நான்தானே. வாசிப்பேன், எல்லாரும் கண்ணை மூடுவோம், ஆமென், பிறகு சாயாவும் பழம்பொரியும். நம்ம கூட்டத்துத் தங்கம் கால் ஒடிந்து கிடந்த வாரம், இரண்டாவது பழம்பொரிக்குக் கை நீட்டின என்னைப் பிடித்து இழுத்தாய்.

"ஆமென் சொல்லியாச்சு இல்லியா? இனி செருப்ப இடு."

"கர்த்தர் பாத்துக்கிடுவாருட்டி."

"அவரு பாத்துட்டுதான் இருக்காரு, நீ தின்னுகிட்டே இருக்கிறத!"

தங்கம் வீட்டில் குவிந்து கிடந்த பாத்திரமெல்லாம் என் தலையில்தான் விழுந்தது. நீ கஞ்சி வைத்துத் துவையல் அரைத்தாய். திரும்பி வருகிற வழியெல்லாம் உன்னை ஏசினேன். நீ காதில் வாங்கவே இல்லை. "பெலன் அவரு தருவாரு. நடக்க வேண்டியது நம்ம காலு" என்று மட்டும் சொன்னாய்.

பிறகு உனக்கே நோவு வந்தது. போனில் கேட்டாய்: "வருவியா? ஜெபம் ஒண்ணும் வேண்டாம். சும்மா வந்து பக்கத்துல இரி."

"அடுத்த வாரம் கண்டிப்பா வாறேன் மக்களே. உன்ன ஜெபத்துல வச்சிருக்கேன்."

ஒரு வாரம் மழை என்றேன், ஒரு வாரம் மருமகளுக்குக் காய்ச்சல் என்றேன். உண்மை என்ன தெரியுமா? முடி கொட்டின உன் தலையைப் பார்க்கப் பயம். எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி நான்! உனக்காக அழுதுதான் ஜெபித்தேன், பொய்யில்லை. அந்த அழுகையே போதும் என்று இருந்துவிட்டேன். உன் வீட்டுக்கு நான் வந்தது அடக்கத்தன்றுதான்.

அதற்குப் பிறகு உன் வீட்டுக்காரர் ஆராதனைக்கு வருவதில்லை. அவர் பேரும் நோட்டில் ஏறியது, 'ஆறுதலுக்காக' என்று. இன்று அந்தப் பேரை வாசிக்கப் போனேன், நாக்கு எழும்பவில்லை. "இவருக்கு இன்னைக்கு ஜெபிக்க வேண்டாம். நான் போய்ப் பாத்துட்டு வாறேன்" என்று எழும்பிவிட்டேன். கூட்டம் முழுக்க என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

உன் கேட் முன்னால் கால் நகரவில்லை. 'ஆண்டவரே, இந்த வாசல மட்டும் தாண்ட வச்சிரும்.' இன்று நான் பண்ணின ஜெபம் அவ்வளவுதான். உன் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

"அண்ணே, அவ கூப்பிட்டா. நான் வரல்ல. பயந்துட்டேன்."

"தெரியும். புதன்கிழமையானா கேட்டையே பாத்துட்டு கெடப்பா" என்றார்.

ஏட்டி, அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

அப்புறம், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அவ பீரோவ என்னால தொறக்க முடியல்ல. நீங்க தொறந்து, துணிமணிய ஒதுக்கித் தருவியளா?"

திறந்தேன். உன் வாசம் முகத்தில் வந்து மோதியது. தரையில் உட்கார்ந்து நாலு சேலைதான் மடித்திருப்பேன். 'மிச்சத்த நாளைக்குப் பாக்கலாம்' என்று சொல்ல வாய் திறந்தேன். என் குணம் எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு, கடைசிச் சேலையை மடித்து வைக்கும்வரை அந்தத் தரையைவிட்டு எழும்பவில்லை.