ஊசி போடாமல் அடைத்த பல்

வெண்ணந்தூர்
11.9.2025

அன்பு மகள் நர்மதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் எட்டுத் தறிகளும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் வாட்ஸப்பில் காலை வணக்கம் போடுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்ல முடியாத ஒரு சங்கதி, அதை என் பல்லில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

போன மாதக் கடைசியில் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போய், ராசிபுரத்தில் மோனிஷா என்கிற டாக்டரம்மாவிடம் போனேன், உன் வயதுதான் இருக்கும். ஊசி போட்டுப் பிடுங்கினார், வலியே இல்லை, ஆனால் பாதி உதடு என்னுடையதாகவே இல்லை, காபி குடித்தால் சட்டையில் ஒழுகுகிறது. அப்படியே வீட்டுக்கு வந்து அடுப்படியில் இருந்த உன் அம்மாவிடம் பல்லைப் பிடுங்கியாச்சு என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, என் வாயையே பார்க்கிறாள், பக்கவாதம் வந்துவிட்டது என்று ஓவென்று அழுது பக்கத்து வீட்டுச் செங்கோடனைக் கூட்டி வந்துவிட்டாள். செங்கோடனிடமும் அதையேதான் சொன்னேன், அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது, அக்கா ஒண்ணுமில்லீங்க என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்குப் புரிந்தது இவளுக்கு ஏன் புரியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறி ஓடும் சத்தத்தில் பட்டறைக்குள் எங்களுக்கு வாயசைவும் கைச்சாடையும்தான் பேச்சு என்பது உனக்குத் தெரியும். தறி இல்லாத அடுப்படியிலும் அவள் இத்தனை நாள் என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லி வந்திருக்கிறாள். உன் அம்மாவுக்குக் காது கேட்பதில்லை சாமி. எத்தனை வருஷமாக என்றால் தெரியலைங்க என்கிறாள். முப்பது வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருக்கிறது.

காது டாக்டரிடம் போகலாம் என்றால், காதுல மிஷினை மாட்டிக்கிட்டுக் கடைவீதியில நடக்கமாட்டேனுங்க என்று ஒரே பிடிவாதம். இதற்குள் எனக்கு இன்னொரு பல்லில் சொத்தை, அதை அடைக்க வேண்டும். மறுபடியும் ஊசியா, நாலு மணி நேரம் நீங்க பேசறது எனக்கு எப்படித் தெரியும் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சரி, நான் ஊசி இல்லாமல் அடைத்துக்கொள்கிறேன், பதிலுக்கு நீ சேலம் வந்து காதைக் காட்ட வேண்டும் என்றேன். காலில் முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிற ஆளாவது தாங்குவதாவது என்ற தைரியத்தில் ஒத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா முதலில் முடியாது என்றார். பிறகு படம் எடுத்துப் பார்த்து, சொத்தை ஆழமாகப் போகவில்லை, மெதுவாகச் செய்கிறேன், வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றார். அங்கேதான் வேடிக்கை. பல்லைக் குடைகிற மிஷின் கொர்ரென்று ஓட ஆரம்பித்ததும் எனக்குத் தறிப்பட்டறைக்குள் நிற்கிற நினைப்பு, எதிரே கால்மாட்டில் உன் அம்மா வேறு நிற்கிறாள், கை தானாக மேலே போய்ச் சாடை பேச ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா பதறி நிறுத்தினார். முகமூடிக்குள் அவர் கேட்டது உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது, என் கையைப் பார்த்தே, வலியெல்லாம் இல்லீங்க, பாவு நூல் வந்திருச்சான்னு கேக்கறாருங்க என்றாள். மறுபடி கை போயிற்று, மறுபடி நிறுத்தினார், மூணாந் தறிக்கு எண்ணெய் போடச் சொல்றாருங்க என்றாள். நாலு தடவை இப்படி ஆனதும் டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல், என் கையை விட்டுவிட்டு உன் அம்மா முகத்தைப் பார்த்து வேலை செய்ய ஆரம்பித்தார். நடுவில் ஒரு இடத்தில் மண்டை வரைக்கும் சுரீர் என்றது பார், கையைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை, கால் கட்டைவிரல் மட்டும் மடங்கியிருக்கிறது. அதற்குள் அவள், நிறுத்துங்க அம்மிணி, இது நெசமாவே வலிக்குது என்று கத்திவிட்டாள். அரை மணியில் முடிந்தது. வெளியே வந்து, மரத்துப்போகாத முழு உதட்டால், அடுத்த வியாழக்கிழமை சேலம் போகிறோம் என்றேன். சரிங்க, போலாமுங்க என்றாள்.

இப்போது உன் விஷயம். ஆடிப் பதினெட்டு அன்று நீ பஸ்ஸில் இருந்து கூப்பிட்டு, லீவு கிடைக்கவில்லை, தீபாவளிக்கு வர முடியாது என்று அழுதாயாம், அதற்கு அம்மா, ரொம்ப சந்தோஷம் சாமி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம். நான் வராதது அம்மாவுக்குச் சந்தோஷமாம் என்று எனக்கு எழுதினாய், அன்றிலிருந்து அவளை நீ கூப்பிடவே இல்லை. நானும் ஏதோ கோபம் என்று நினைத்து இருவருக்கும் நடுவில் வராமல் இருந்துவிட்டேன், அது என் தப்பு. நீ அழுதது அவளுக்குக் கேட்கவே இல்லை அம்மிணி. போனில் யார் என்ன சொன்னாலும் அவள் வைத்திருக்கிற பதில் அது ஒன்றுதான். எப்போதும்போல் நீ வருவாய் என்று மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறாள். பிள்ளை ஏனுங்க கூப்பிடறதில்லை என்று தினமும் கேட்கிறாள். காது விஷயத்தைப் போனில் பேசியோ எழுதியோ உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், பேசினாலும் எதிர் அறையில் இருந்தே என் வாயைப் படித்துவிடுவாள். கடிதத்துக்குச் சத்தியம் வாங்க அவளுக்குத் தோன்றவில்லை.

வர முடியாததை நான் அவளிடம் சொல்லவில்லை, நீயே சொல். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை வீடியோவில் கூப்பிடு. நடந்துகொண்டே பேசாதே, ஜன்னலைப் பார்த்து உட்கார், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், கத்த வேண்டாம், மெதுவாகப் பேசினால் போதும். அழுகை வந்தால் அழு, அவள் பார்க்கட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று தினமும் விளக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, எடுத்ததும் அம்மா என்று கூப்பிட்டுவிட்டு மற்றதைப் பேசு. நீ போன வருஷம் அனுப்பிய பிறந்தநாள் வீடியோவை அவள் சத்தமே வைக்காமல் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். அதில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். அம்மான்னு சொல்லும்போது உதடு ரெண்டும் ஒட்டுதுங்க, அது எனக்குத் தப்பாம தெரியுதுங்க என்றாள்.

உன் அப்பா
தீனதயாளன்