பத்தடி நகர்ந்த மெஷின்

அக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை. நெல்லித்தோப்பிலிருந்து ஷேர் ஆட்டோ. பட்டறைக்குப் போனபோது மணி ஒன்பதே கால். யாரும் ஏன் லேட் என்று கேட்கவில்லை. எல்லோரும் உலோகம் கடையும் பெரிய மெஷினைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள், எழவு வீடு மாதிரி.

திரையில் சிவப்புப் பட்டை. மெஷின் இடம் மாறியிருக்கிறது, கம்பெனி சர்வீஸைக் கூப்பிடவும், என்று ஒரே ஒரு வரி. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை.

நடந்தது இது. முதலாளிக்கு ஒரு வாஸ்துக்காரர் கிடைத்திருக்கிறார். கனமான பொருள் கன்னி மூலையில் இருந்தால்தான் ஆர்டர் தங்குமாம். நேற்று ஞாயிறு. மெஷின் ஓட்டுகிற தணிகாசலமும் இன்னும் நாலு பேரும் கடப்பாறை கொடுத்து நெம்பி, அடியில் குழாய் உருட்டி, பத்தடி தள்ளியிருக்கிறார்கள். பூசணிக்காய்கூட உடைத்தாயிற்று.

தணிகா: "கரண்டே குடுக்கலக்கா. ஆஃப்லதான் தள்ளனோம். அதுக்கு எப்பிடித் தெரியும்?"

உள்ளே ஏதோ வைத்திருக்கிறார்கள். நகர்த்தினால் பூட்டிக்கொள்ளும் என்று வாங்கிய அன்றே சொன்னார்கள். அன்று எல்லோருக்கும் கவனம் பிரியாணியில்.

நாளை: ஸ்கூட்டி பேட்டரி. தயிர். பெங்களூருக்கு ஃபோன்.

அக்டோபர் 14, செவ்வாய்

வெயிலும் இல்லை மழையும் இல்லை. புழுக்கம்.

பெங்களூர் சர்வீஸ் ஆள் வெள்ளிக்கிழமை வருகிறார். சும்மா திறந்துவிட மாட்டாராம். முதலில் ஒரு படிவம். இந்த மெஷினில் என்னென்ன செய்கிறீர்கள், யாருக்குப் போகிறது, ஒவ்வொன்றுக்கும் வரைபடம். கீழே தரம் பார்ப்பவர் கையெழுத்து. தரம் பார்ப்பவர் நான்தான். பதினோரு வருடமாக.

காரணம் இதுதான். மெஷின் செய்த நாடும் அதன் கூட்டாளிகளும் ஒரு நாட்டுக்குத் தடை போட்டிருக்கிறார்கள். பக்கத்து நாட்டுக்குள் படையோடு நுழைந்த நாடு. (பெயரை இங்கே எழுதவும் தயக்கம். தயக்கம் என்ன தயக்கம், பயம்.) மெஷினோ அதில் செய்த பொருளோ அங்கே போகக் கூடாது. வாங்கும்போதே முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மெஷின் நகர்ந்தால் யாரோ பெயர்த்துக் கப்பலேற்றுகிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். கன்னி மூலையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்.

முதலாளி: "நம்ம கவர்மெண்ட்டு தடை போடலையே செல்வி. நமக்கும் அவங்களுக்கும் இன்னா சண்ட?"

அதுவும் நிஜம்தான்.

நாங்கள் செய்வது பதினைந்து பொருள். பதினாலில் வம்பில்லை. பம்பு, டிராக்டர், ஜவுளி மெஷின் சாமான். பதினைந்தாவது அந்த வளையம். அலுமினியம், கட்டைவிரல் நுழையும் அளவு, சுற்றிலும் ஆறு துளை. சென்னைத் தரகர் கொண்டுவந்த ஆர்டர். வரைபடத்தில் பெயர் இருக்கும் மூலையை வெட்டிவிட்டுக் கொடுத்தார். எதில் பொருத்துவது என்று கேட்டால் சிரிப்பார். பம்புக்கு இவ்வளவு நுணுக்கம் யாரும் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு பெட்டி திரும்பி வந்தது, துளை அளவு சரியில்லை என்று. வந்தது எங்கள் பெட்டி இல்லை, வேறு பெட்டி. உள்ளே வளையங்களைச் சுற்றியிருந்தது ஒரு செய்தித்தாள். தெரியாத எழுத்து. ஃபோன் கேமராவைக் காட்டினேன், தமிழில் வந்தது. ஒரு பக்கம் உருளைக்கிழங்கு விலை. மறுபக்கம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், இன்ன ஊரில் வந்து பார்க்கவும். ஊர் எந்த நாட்டில் என்று ஃபோனே சொன்னது.

அந்தத் தாளை முதலாளியிடம் காட்டவில்லை. பீரோவில், புடவைக்கு அடியில்.

அக்டோபர் 15, புதன்

நல்ல மழை. உழவர்கரை ரோட்டில் முழங்கால் தண்ணீர். செருப்பு ஒன்று போயிற்று.

முதலாளி கோப்பைப் பிரித்து வளையத்தின் வரைபடத்தை அவரே உருவி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பதினாலு எழுதிக் குடு, போதும்." குரலில் அதட்டல் இல்லை. கேட்டுக்கொள்வது போலத்தான்.

எழுதினேன். பதினாலு. கையெழுத்து மட்டும் வெள்ளியன்று பெங்களூர் ஆள் முன்னால்.

பஸ் நிற்கும் இடத்தில் வைத்துத்தான் உறைத்தது. மெஷினுக்கு நினைவு உண்டு. எதைச் செய்தாலும், எத்தனை செய்தாலும், தானே குறித்துவைக்கும். மாதக் கடைசியில் அந்தக் கணக்கை எடுப்பவள் நான். தணிகாவுக்குப் பழக்கமில்லை, முதலாளி அந்தப் பக்கம் போனதே இல்லை. பூட்டிய மெஷினில் எதையும் அழிக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை திறந்தவுடன் வளையம் வந்து நிற்கும், பதினைந்தாவதாக.

முதலாளியிடம் இப்போதே சொன்னால் வழி இருக்கிறது. ஒரு பொய் வரைபடம், பம்பு வளையம் என்று பெயர் போட்டு. அரை மணி வேலை. வரையப் போவதும் நான்தான்.

திரும்பிப் போகவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

தூக்கமில்லை. உப்புமா தீய்ந்துவிட்டது. அவர் (பாஸ்கர்) அதையும் வழித்துத் தின்றார். அதுவே எரிச்சல்.

சொன்னேன் அவரிடம். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? ஓனருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஒதுங்கிக்கோ. சொல்லலன்னாதான் நீ மாட்டுவ."

சொல்ல மூன்று முறை எழுந்தேன்:
10.30: முதலாளி ஃபோனில்.
12: அறை வாசல் வரை. "இன்னாம்மா?" என்றார். அளவு பார்க்கும் கேஜ் டப்பா சாவி என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். என் சாவி என்னிடமே இருந்தது.
4: அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

கெட்டவர் என்றால் எளிது. என் கர்ப்பப்பை ஆபரேஷன் அன்று இதே மாதிரி மழையில் தன் காரில் ஜிப்மருக்குக் கொண்டுபோனவர். ஐந்து மாதம் என் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. வாய்விட்டே சொல்லலாம், எனக்கு அவரைப் பிடிக்கும்.

சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மாடிக்கு. மாடி வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. டிவியில் எப்போதும் பிரெஞ்சு நியூஸ். படத்துக்கு மொழி வேண்டாம். படை நுழைந்த அந்த நாட்டில் ஒரு நாலு மாடிக் கட்டடம், முன்பக்கச் சுவரே இல்லை. ஒரு வீட்டின் சமையலறை அப்படியே தெரிகிறது. அடுப்பு மேல் குக்கர். அதை இடித்த குண்டில் எங்கள் வளையம் இருந்ததா, தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு வளையத்தையும் கையில் எடுத்துப் பார்த்து, சரி என்று எழுதி, பக்கத்தில் செ. போட்டது நான்.

துணியில் பாதி ஈரம்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை விட்டது. பெங். ஆள் 11 மணிக்கு. சின்ன வயது, தமிழ்க்காரர்தான், தர்மபுரிப் பக்கம். மெஷின் நின்ற இடத்தையும் நிற்கிற இடத்தையும் டேப் பிடித்து அளந்தார். "வாஸ்துவா சார்?" போன மாதம் கோயம்புத்தூரிலும் இதே கதையாம். எல்லோரும் சிரித்தோம். முதலாளி மிக்சர் வாங்கி வரச் சொன்னார்.

திறந்தார். சிவப்புப் பட்டை போனது. தணிகா கை தட்டினான். அவர் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்தினார், மடியில் என் பட்டியல். சிரிப்பு நின்றது.

"பதினஞ்சு இருக்கே சார். லிஸ்ட்ல பதினாலுதான்."

முதலாளி: "அது பழசு. பம்பு சாமான்."

"கடைசியா ஓடனது போன வாரம்." என் பக்கம் திரும்பினார். "மேடம், சைன் பண்றது நீங்க. நீங்க சொல்லுங்க."

பேனா கையில்தான் இருந்தது. முதலாளி என்னைப் பார்க்கவில்லை, மெஷினையே பார்த்தார்.

"பம்பு இல்ல சார்."

சர்வீஸ் ஆள் மேற்கொண்டு கேட்கவில்லை. யாருக்கோ ஃபோன் செய்தார், இங்கிலீஷில், கால் மணி நேரம். பிறகு பழையபடி பூட்டினார். மன்னிக்கணும் சார், என் கையில் இல்லை என்றார். மிக்சர் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

தணிகா என் அருகே வந்து மெதுவாக: "ஆறு குடும்பம்க்கா." இவன் குழந்தைக்கு அடுத்த வாரம் காது குத்து.

அக்டோபர் 18, சனி

வெயில். பட்டறைக்குப் போகவில்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டிக்குப் பேட்டரி போட்டாயிற்று. எங்கே போக.

வீடு துடைத்தேன். பீரோவைத் துடைத்தேன். தாள் அங்கேயே.

3.40க்கு முதலாளி ஃபோன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"மெஷின்ல பதிஞ்சிருக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா செல்வி?"

"தெரியும் சார்."

"சாவின்னு வந்தியே, அன்னிக்கே?"

"அன்னிக்கே சார்."

அவர் வீட்டு மின்விசிறி கேட்டது.

"அந்த வளையம் எங்க போவுதுன்னும் தெரியும்."

"தெரியும் சார்."

"போன மாசம் அந்தப் பெட்டி திரும்பி வந்ததுலேந்து."

"ஆமா சார்."

"அப்பறமும் ரெண்டு பெட்டி போச்சே செல்வி. அதுக்கும் நீதான ஓகே போட்ட?"

"ஆமா சார். நான்தான்."