ஜன்னலோரக் கட்டில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்றே நம்புகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படமெடுத்து உடனே உனக்கு அனுப்பிவிடுவார்.

வாரப் பத்திரிகையில் நீ எழுதும் கொள்ளைநோய்த் தொடர்கதையை எங்கள் காய்ச்சல் வார்டே வரி விடாமல் படிக்கிறது, நர்ஸம்மா மகள் எழுதுகிறாள் என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இந்த வாரம் என்னடி எழுதி வைத்திருக்கிறாய்? ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினால் மறுநாள் பிணமா? அந்தக் கட்டிலில் யாரும் ஒரு நாளுக்கு மேல் இருப்பதில்லை என்று நான் உன்னிடம் சொன்னது உண்மைதான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? குணமாகி மறுநாள் வீட்டுக்குப் போகிறவர்களைத்தான் அங்கே படுக்க வைப்போம், உள்ளே வர முடியாத சொந்தபந்தம் தெருவில் நின்றாவது முகம் பார்க்கட்டும் என்று. நீயாக ஒரு முடிவு கட்டிக்கொண்டாய், கதைக்கு வசதியாகப் போயிற்று.

நம் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், பல்பு மாமா என்று கூப்பிடுவாயே, அவரும் வார்டில்தான் கிடந்தார். இன்று காலை, தேறிவிட்டீர்கள், ஜன்னல் பக்கம் வாருங்கள் என்றதும் கட்டில் கம்பியைப் பிடித்தவர் விடவே இல்லை. டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் நானே செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்துக் காட்டினேன், வார்டே சிரித்தது, எனக்கு அழுகைதான் வந்தது. அப்புறம்தான் வந்தார். சாயங்காலம் அவர் மனைவி, உன் அத்தை, தெருவில் வந்து நின்றதும் எழுந்து உட்கார்ந்து கையாட்டினார். அவளும் உன் கதை படிப்பவள்தானே. எந்தக் கட்டிலில் இருக்கிறார் என்று பார்த்தவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதாள், பிழைத்த மனுஷன் மேலே கையாட்டிக்கொண்டே இருக்கிறார். நான் கீழே ஓடிப்போய் நாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார் என்று சொன்னேன். "நீங்க என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. உங்க பொண்ணுதான் உள்ளதை எழுதுறா" என்றாள். இத்தனை வருஷம் இந்த வார்டில் மாரடித்தவள் பேச்சு எடுபடவில்லை.

எழுதாதே என்று சொல்லவில்லை. இப்போது உன்னைப் படிக்கிறவர்கள் நோயில் படுத்துக்கொண்டு படிக்கிறார்கள், அதை மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே, நன்றாக இரு. இதைப் படித்த கையோடு அத்தைக்குப் போன் போட்டு, கதையில் நீ எழுதியது பொய் என்று உன் வாயாலேயே சொல்லு. விடிந்தால் மனுஷன் வீட்டுக்கு வருகிறார், அவளோ கடைசியாக முகம் பார்க்க வாருங்கள் என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

கோபம் தீராத, ஆனாலும் உன்னை வாழ்த்தும்,
அம்மா